வடத்துக்கு ஆள் சேர்க்கும் ரசூல்

கை குலுக்கினால் ரசூல் பாய் உடனே விடமாட்டார். பிடித்த கையை மல்லாக்கத் திருப்பி, உள்ளங்கையை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். விரல்கள் தொடங்கும் மேட்டில் காய்ப்பு இருந்தால் கட்டை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்பார். இல்லாவிட்டால் முகம் வாடிவிடும். "என்னண்ணே இது, பஞ்சு மாதிரில்ல இருக்கு!" கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கையை அப்படித் திருப்பியிருக்கிறார். புகைப்படக்காரர் காத்திருக்க, பெண் திகைத்து நிற்க, "கைய விட்றாதீக மாப்ள, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வடம். கம்பத்துக்கு வெளியே, அவருடைய அண்ணனின் தென்னந்தோப்பை ஒட்டிய மணல் திடலில், திராட்சை விவசாயிகளும் மண்டியில் மூட்டை ஏற்றுபவர்களும் ஜீப் ஓட்டுநர்களும் விடியற்காலையில் கூடிக் கயிறு இழுப்பார்கள். முல்லையாறு வடம் நண்பர்கள் குழு என்று பெயர். ஆண்டுக்கொரு முறை ஓணத்துக்குக் குமுளிக்குப் போய், மலையாளக் குழுக்களோடு மோதிவிட்டு வருவார்கள். பக்கத்துக்கு ஏழு பேர். எடைக் கணக்கு கிடையாது. ரசூல் அந்தக் குழுவின் செயலாளர். நாற்பத்தெட்டு கிலோ எடை. வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் வடம் தானாக நடந்து போவது போல இருக்கும். ஆனால் குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது. ஓரமாக நின்று அவர் "போடு... போடு... விட்றாத ஏலே!" என்று கொடுக்கும் குரலுக்குத்தான் ஏழு பேரும் ஒரே நேரத்தில் சாய்வார்கள்.

தொழில், மருந்தடிக்கும் மெஷின் பழுது பார்ப்பது. பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருக்கிறவர் யாராக இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறையாவது அவர் கடைக்கு வந்தாக வேண்டும். வாஷர் தேய்ந்திருக்கும், பிளக் கறுத்திருக்கும். வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரச்சொல்ல மாட்டார். தானே மொபெட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்க் கொடுப்பார். அது வாடிக்கையாளருக்குச் செய்கிற சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வீட்டில் வடம் இழுக்கத் தோதான ஆள் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கத்தான் போகிறார்.

"ஏழு பேர இழுக்க வைக்கிறது சுலுவு சார். ஏழு பேர வர வைக்கிறதுதான் பாடு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் உத்தமபாளையத்தில் பள்ளி ஆசிரியன். வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிய சின்ன மெஷினை அவரிடம் கொடுத்த நாளிலிருந்து பழக்கம். என் கையையும் திருப்பிப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்த கை என்று ஒதுக்கிவிட்டார். ஆனாலும் அவர் போகும் இடங்களுக்கு மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொள்வார்.

நின்றுபோன ஆளைத் திரும்பக் கூட்டி வருவதில் அவருக்கு ஒரு வழி உண்டு. 'ஏன் வரவில்லை' என்று கேட்கவே மாட்டார். "கேட்டா ஒரு காரணஞ் சொல்லுவாக. சொல்லிட்டா அதைக் காப்பாத்தணும்ல? அப்புறம் எப்பிடி வருவாக?" என்பார். சின்னக்கருப்பு கல்யாணம் ஆனதும் வருவதை நிறுத்திவிட்டார். ரசூல் அவர் வீட்டுக்குப் போய் வடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மோரைக் குடித்துவிட்டு, மனைவி ஜக்கம்மாவிடம், "ஆத்தா, ஞாயித்துக்கெழம காலைல வீட்ல என்ன வேல?" என்று மட்டும் கேட்டார்.

"வேல என்ன பாய், கறி எடுத்தாரணும். இவுக எந்திரிச்சுப் போறதுக்குள்ள நல்ல கறி தீந்துபோகுது."

அடுத்த வாரத்திலிருந்து குழுவின் நடைமுறை மாறியது. பயிற்சி முடிந்ததும் வேர்வையோடு எல்லோரும் சேர்ந்து கறிக்கடைக்குப் போவார்கள். கடை திறக்கும்போதே ஏழெட்டு ஆட்கள் தூண் தூணாக நிற்பதைப் பார்த்தால் கடைக்காரர் எலும்பைத் தள்ளிவிட நினைக்கமாட்டார். இப்போது ஜக்கம்மாதான் விடியுமுன் புருசனை உசுப்பி அனுப்புகிறார். கூட இரண்டு வீட்டுப் பெண்களும் தங்கள் வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு அனுப்பினார்கள்.

ஆனால் முத்துவீரனிடம் மட்டும் இந்த வித்தை எதுவும் பலிக்கவில்லை.

முத்துவீரன் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சை வைத்திருப்பவர். குழுவின் கடைசி ஆள் அவர்தான். வடத்தின் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு பின்னால் நிற்கிறவர் அசைந்தால் முன்னால் நிற்கும் ஆறு பேரும் அசைந்துவிடுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன் குமுளியில், மழைச்சேற்றில் அவர் கால் வழுக்கியது. குப்புற விழுந்தவரை, வடம் உடம்பில் சுற்றியிருந்ததால், எதிர்க்குழு கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனது. கூட்டம் சிரித்தது. யாரோ எடுத்த வீடியோ மலையிறங்கி அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதெல்லாம் போகட்டும். முன்வரிசையில் நின்ற அழகுமலை, அவருடைய மனைவியின் தம்பி, அத்தனை பேர் நடுவில், "கடைசி ஆளே படுத்துட்டா நாங்க என்னத்த இழுக்க?" என்று கத்திவிட்டார். அன்றோடு முத்துவீரன் திடலுக்கு வருவதை விட்டார். வீட்டு விசேஷங்களில் மச்சானும் மாப்பிள்ளையும் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்தார்கள்.

ரசூல் விடாமல் போய்க்கொண்டிருந்தார். மெஷினைப் பார்ப்பார், பந்தலைப் பார்ப்பார், கிளம்பும்போது மெல்ல, "ஒங்க எடம் அப்பிடியேதான் கெடக்குண்ணே. வேற யாரையும் அங்கன விடல" என்பார்.

"பாப்பம் பாய்" என்பார் முத்துவீரன். மூன்று வருடமாக அதே பதில்.

சென்ற ஓணத்துக்கு முன்னால் குழுவே ஆட்டங்கண்டது. ஒருவர் திருப்பூருக்குக் குடிபோனார், ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன். எஞ்சியது ஐந்தே பேர். இந்த முறையும் ஆள் இல்லை என்று சொன்னால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டோம் என்று குமுளிக்காரர்கள் நயமாகத் தெரிவித்துவிட்டார்கள், முந்தின ஆண்டும் கடைசியில் நிற்க ஆள் இல்லாமல் இவர்கள் போகவில்லை. ரசூல் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் மனைவி சாஜிதா, "வேணும்னா நான் வந்து ஒரு கை புடிக்கவா?" என்று கேட்டாராம். "கேலியா கேட்டாளா, நெசமா கேட்டாளான்னு இன்னும் தெரியல சார். ஆளு தெம்பாத்தான் இருக்கா" என்றார்.

அந்த வாரத்தில்தான் அனுமந்தன்பட்டியில் ஒரு வீட்டுக்கு மெஷின் கொடுக்கப் போனார். கதவைத் திறந்தது இனியன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், முப்பது வயது. நிலைக்கதவு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றார். ரசூலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"யா அல்லா! இத்தன நாளா எங்கன இருந்தீக தம்பி?" என்று கையைப் பற்றித் திருப்பினார்.

இனியன் கையை உருவிக்கொண்டு உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்ச் செம்போடு வந்த தாய் பொன்னாத்தாள் குரலைத் தாழ்த்தினார். "அவன ஒண்ணும் சொல்லிராதீக பாய். ஒடம்பப் பத்திப் பேசுனா ரெண்டு நாளைக்கு வெளிய வரமாட்டான். ஒரு கல்யாணங் காச்சிக்கு வர்றதில்ல. போற எடத்துலல்லாம் இதத் தின்னாத, அதத் தின்னாதன்னு ஆளாளுக்குச் சொல்றாக. நாலு பேரு பேசுனா இவனப் பத்தித்தான் பேசுறாகன்னு நெனைக்கிறான்."

ரசூலுக்கு வேர்த்துவிட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, சாத்திய கதவின் அருகே போய் நின்றார். அங்கே அவர் பேசியதைப் பொன்னாத்தாள் எனக்கு அப்படியே சொன்னார்.

"தம்பி, நான் கேலி பண்ணல. என்னப் பாத்தீகள்ல? காத்தடிச்சா கம்பத்துலருந்து கூடலூர் போயிருவேன். ஒங்களப் பாத்ததும் ஆசையாயிருச்சு, அதான் கையப் புடிச்சுட்டேன். எங்ககிட்ட ஒரு வடம் இருக்கு. அதுக்கு அசையாத ஆளு ஒருத்தர் வேணும். எளைக்கச் சொல்லி அங்கன ஒருத்தனும் வாயத் தெறக்கமாட்டான். தெறந்தா நான் பாத்துக்கிறேன். வந்தா வாங்க, வராட்டியும் மெஷினுக்கு ஏதாச்சும்னா கூப்பிடுங்க."

அவர் வாசலில் இறங்கி மொபெட்டை உதைக்கும்போது சன்னல் வழியாக ஒரு குரல் வந்தது.

"எத்தன மணிக்கு?"

புது ஆளை வரவேற்பதற்கென்று அந்தக் குழுவில் ஒரு முறை உண்டு. ரசூல் கொண்டு வந்ததுதான். முதல் நாள், வடத்தின் ஒரு பக்கம் புது ஆள் மட்டும் தனியாக நிற்பார். மறுபக்கம் பழைய ஆட்கள் அத்தனை பேரும். ரசூல் மூன்றுமுறை குரல் கொடுப்பார். மூன்றாவது குரலில் பழைய ஆட்கள் எல்லோரும் கூச்சலோடு முன்னால் விழுந்துவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட நோஞ்சானும் முதல் நாள் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். "மொத நா ஜெயிச்சவன் ரெண்டாவது நா வருவான்" என்பது ரசூலின் கணக்கு.

இனியன் தொளதொளத்த சட்டையில் தலையைக் குனிந்தபடி நின்றார். ரசூல் முதல் குரலைக் கொடுத்தார். இனியன் வடத்தைப் பிடித்துச் சும்மா பின்னால் சாய்ந்தார், அவ்வளவுதான். இரண்டாவது குரலுக்கு வேலையே இல்லை. ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவராக மணலில் கிடந்தார்கள். அழகுமலை வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டே, "பாய், நாங்க நடிக்கல! நெசமா விழுந்துட்டோம்!" என்றார்.

இனியன் முதலில் பயந்துபோனார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் வடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் கறிக்கடைக்கும் போனார். பொன்னாத்தாள் கறிப்பையை வாங்கும்போது மகன் உடம்பெல்லாம் மணலாக இருப்பதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

இரண்டே வாரத்தில் இனியன் கடைசி ஆளாகிவிட்டார். அந்த இடத்துக்கு வேறு யாரும் பொருந்தவும் இல்லை. ஆறு பேர் ஆயிற்று. இன்னும் ஒருவர் வேண்டும். ரசூலுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. 'யாரையும் விடல' என்று முத்துவீரனிடம் சொல்லிச் சொல்லி வைத்திருந்த இடம் அது.

"வெளியில கேள்விப்பட்டா மனுசன் ஒடஞ்சு போவாரு சார். நானே சொல்லிர்றேன்" என்றார். அன்று நானும் மொபெட்டின் பின்னால் இருந்தேன். வழியில் யார் கை காட்டியும் வண்டியை நிறுத்தவில்லை. அவரை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முத்துவீரன் பந்தலின் கீழ் கத்திரியோடு நின்று கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார். ரசூல் மெஷினைப் பற்றி விசாரிக்கவில்லை. நேராகப் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு சேதி. ஒங்க எடத்துல ஆளு போட்டுட்டேன்."

கத்திரி நின்றது. "கடைசிலயா?"

"ஆமாண்ணே. வேற வழியில்ல."

"ஆளு எப்பிடி?"

"மல."

"நிக்கிறானா?"

"நிக்கிறாரு."

முத்துவீரன் வரப்பில் உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. ரசூல் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்கும் புரியவில்லை.

"இத மூணு வருசத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கக் கூடாதா பாய்?"

"என்னண்ணே சொல்றீக?"

"நீங்க வர்றப்பல்லாம் எடம் காலியா இருக்கு, காலியா இருக்குன்னு சொல்றீக. மறுபடியும் கொண்டுபோயி அங்கனதான நிறுத்துவீக? மொத்தக் கனத்தையும் மேல சுத்திக்கிட்டு, விழுந்தா நாந்தான், தோத்தா நாந்தான்னு என்னால நிக்க முடியாது பாய். அழகுமலை பேசுனதெல்லாம் பெருசில்ல. அவென் கொழந்தையிலருந்தே அப்பிடித்தான். வடத்த மறக்க முடியாமத்தான் கெடந்தேன். இப்ப கேக்கிறேன், நடுவுல எங்கனயாச்சும் ஒரு எடம் இருக்குமா? நாலு பேரோட நாலாவது ஆளா இழுத்துட்டுப் போறேன்."

ரசூல் தன் தலையில் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டார். பிறகு முத்துவீரனைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தார் என்பதைவிட, அவர் மேல் தொற்றிக்கொண்டார் என்று சொல்லலாம். திரும்பும் வழியில் வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தி, "மூணு வருசமா அந்த ஆள வரவிடாமத் தடுத்தது நாந்தான் சார்! நாந்தான்!" என்று யாரோ பரிசு கொடுத்தது போலச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு முத்துவீரன் வந்து, திடலின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ரசூல் உரக்க அறிவித்தார். "புது ஆளு வந்துருக்காக!"

"நான் பழைய ஆளுய்யா" என்றார் முத்துவீரன்.

"மூணு வருசங் கழிச்சு வந்தா புது ஆளுதான். நில்லுங்க அந்தப் பக்கம்."

முத்துவீரன் தனியாக ஒரு பக்கம் நின்றார். மறுபக்கம் ஆறு பேர், கடைசியில் இனியன். மூன்றாவது குரல் வந்ததும் முதலில் விழுந்தது அழகுமலை. மற்றவர்கள் வழக்கம்போல் உட்கார்ந்தும் சரிந்தும் விழ, அவர் மட்டும் குப்புற விழுந்து, இரண்டு கைகளையும் நீட்டி, மணலில் முகம் பதியக் கிடந்தார். குமுளியில் முத்துவீரன் கிடந்தது போலவே. சிரிப்பு அடங்கிவிட்டது. முத்துவீரன் வடத்தைப் போட்டுவிட்டு மெல்ல நடந்து வந்து அவர் தலைமாட்டில் நின்றார்.

"போதும் மாப்ள. எந்திரி. ரொம்ப நடிக்காத."

அழகுமலை முகத்தைத் தூக்கவில்லை. "படுத்துப் பாத்தாத்தான தெரியுது மச்சான், எம்புட்டு வலிக்கும்னு."

முத்துவீரன் குனிந்து அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார். மணல் பறந்தது. அன்று கறிக்கடையில் இருவரும் ஒரே பையில் கறி வாங்கினார்கள்.

ஓணத்துக்கு இம்மானுவேலின் ஜீப்பில் மலையேறினார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். இம்மானுவேல் குழுவில் ஒருவர், ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஓட்டுநர். எல்லோருக்கும் நீல பனியன். இனியனின் அளவில் கடையில் கிடைக்காததால் சாஜிதா இரண்டு பனியன்களைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக் கொடுத்திருந்தார், முதுகில் குழுவின் பெயர் இரண்டு முறை வந்திருந்தது.

முதல் சுற்றில் எதிரே நின்றவர்களைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அத்தனை பேரும் மரமறுக்கும் ஆட்கள். இனியன் வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு நின்றதும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. "ஆன! ஆன!" இனியனின் முகம் சட்டென்று இறுகியது. பிடி தளர்ந்ததை நான் பார்த்தேன். அவருக்கு முன்னால் நின்ற இம்மானுவேல் திரும்பாமலே சொன்னார்.

"தம்பி, இங்கன ஆனைன்னா சாமிக்குச் சமானம். நெத்திப்பட்டங் கட்டி, கொடை புடிச்சுக் கும்பிடுவாக. நல்லா நிமிந்து நில்லுங்க."

இனியன் நிமிர்ந்தார். ஒரு கையை எடுத்து, கூட்டத்தைப் பார்த்து உயர்த்தி ஆட்டினார். திடலே எழுந்து கத்தியது. ரசூலின் குரல் அதையும் மீறிக் கேட்டது. "போடு... போடு... விட்றாத ஏலே!" மரமறுப்பவர்கள் விரல் விரலாக வந்தார்கள், பிறகு சாணாக வந்தார்கள், பிறகு மொத்தமாக வந்து விழுந்தார்கள். ரசூல் வெற்றுக்காலோடு கோட்டைச் சுற்றி ஓடினார். நடுவர் இரண்டு முறை பிடித்து நிறுத்தியும் நிற்கவில்லை.

அரையிறுதியில் கட்டப்பனைக்காரர்கள் இவர்களை முடித்துவிட்டார்கள். மழை தூறியது, இனியனின் கால் வழுக்கியது, ஏழு பேரும் மொத்தமாகச் சேற்றில் சறுக்கிக்கொண்டு போனார்கள். எழுந்து நிற்கவும் முடியாமல் இனியன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் கிடந்த முத்துவீரன் அவர் தோளில் கை போட்டார்.

"இதே எடந்தான் தம்பி. மூணு வருசத்துக்கு முன்னாடி நானும் இங்கனதான் விழுந்தேன். நல்ல மண்ணு. ஒண்ணும் பண்ணாது."

ஏழு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். கட்டப்பனைக்காரர்களும் வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அரையிறுதிக்கு வந்ததற்குப் பரிசாக ஒரு நேந்திரங்குலை கிடைத்தது. சின்னமனூரில் மூன்று ஏக்கர் வாழை வைத்திருக்கும் சின்னக்கருப்பு அதை மேடையில் வாங்கி, பிள்ளையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்துக்கொண்டு, "வாழக்குலைய வாழ்க்கைல பாக்காதவனுக்குக் குடுத்த மாதிரி குடுக்குறாகளே" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் மலையிறங்கி, லோயர் கேம்ப்பில் தேநீர்க் கடை முன் ஜீப் நின்றது. சேறு காய்ந்து வெளுத்த உடம்புகளோடு எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். குலையில் பழுத்திருந்த சீப்பு கை மாறியது. அழகுமலை தன் பழத்தைப் பிட்டு மச்சானுக்குக் கொடுத்தார். இனியன் தன் அம்மாவிடம் போனில் முதல் சுற்றை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையின் மறுபக்கம், செக்போஸ்டுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் டம்ளரோடு தனியாக நின்றிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்று கடைக்காரர் சொன்னார். ஜீப்பின் மேல் சுருட்டி வைத்திருந்த வடத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் அவர் உதடும் கொஞ்சம் விரிந்தது, பிறகு டம்ளருக்குள் குனிந்துகொண்டது.

ரசூல் பேச்சை நிறுத்தவில்லை. கட்டப்பனைக்காரர்களின் காலடியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே, பக்கத்திலிருந்த இனியனின் மேல் நன்றாக ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாண் இடம் பிறந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தை ஒரு தட்டுத் தட்டி, மறுபக்கம் நின்றவரை நிமிர்ந்து பார்த்தார்.